பாடம் இல்லை என்பது சாக்கு

லினக்ஸுக்கு மாறுங்கள் என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது. "மாறலாம் சார், ஆனா கத்துக்க எங்க போறது? ஒழுங்கான புக் இல்ல, தமிழ்ல சுத்தமா ஒண்ணும் இல்ல. கோர்ஸ் சேர்ந்தாத்தான் முடியும்." கல்லூரி ஆசிரியரும் இதைச் சொல்கிறார், டிடிபி சென்டர் வைத்திருப்பவரும் சொல்கிறார். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, நன்றாக ஓடும் கம்ப்யூட்டரைக் கழித்துக்கட்டத் துணிந்தவர்கள்கூட இதே பல்லவியைத்தான் பாடினார்கள். இதில் பாதி பொய், பாதி சோம்பல்.

தமிழில் ஒன்றுமில்லையாம். 2018-இல் புதிய பாடத்திட்டத்தில் வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலைப் புரட்டிப் பாருங்கள். விண்டோஸை அடுத்து உபுண்டு என்ற லினக்ஸும் அங்கே பாடமாக இருக்கிறது. தமிழ்வழி நூலிலும் இருக்கிறது. "ஒண்ணும் இல்ல" என்கிற அப்பாவின் வீட்டிலேயே அந்தப் புத்தகம் பிள்ளையின் பையில் கிடக்கலாம். கணியம் இதழ் 2012 முதல் இவற்றைத் தமிழில் எழுதிவருகிறது. து. நித்யாவின் 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' இலவச மின்னூல். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் வீடியோக்கள் தமிழ்க் குரலிலும் உண்டு. பாடத்தை ஒரு ஜன்னலில் ஓடவிட்டு, பக்கத்து ஜன்னலில் கூடவே செய்து பழகும்படி அமைத்தவை.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். சி-டாக் உருவாக்கிய, தமிழிலேயே இயங்கக்கூடிய லினக்ஸ் அது. என் கண்ணில் பட்ட பிள்ளைகள் எல்லோரும் விண்டோஸுக்குள்தான் போனார்கள். அந்த இன்னொன்றைத் திறந்து காட்ட ஆளில்லை. கேரளத்தில் ஐடி@ஸ்கூல் திட்டம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடத்தையே லினக்ஸில் நடத்தியது. செய்முறைத் தேர்வும் அதிலேதான். அங்கே திறந்து காட்ட ஆள் இருந்தது.

பாடம் எங்கே என்று தேடி அலைகிறவர்கள் பார்க்காத இடம் ஒன்று உண்டு: அவர்கள் நிறுவிய லினக்ஸ். உபுண்டுவோ டெபியனோ, டெர்மினலைத் திறந்து 'மேன்' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, எந்தக் கட்டளையைப் பற்றித் தெரிய வேண்டுமோ அதன் பெயரை அடியுங்கள். முழு விளக்கமும் திரையில் வரும். சாய்கோட்டை அழுத்திச் சொல்லைத் தேடலாம். 'க்யூ' அழுத்தினால் வெளியே வரலாம். கட்டளையின் பெயரே தெரியாதா? 'மேன்' பக்கத்தில் ஒரு சிறு கோடும் 'கே'யும் போட்டு, செய்ய வேண்டிய வேலையை ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக அடித்தால் பொருத்தமான கட்டளைகளை வரிசையாகக் காட்டும். யூனிக்ஸின் முதல் கையேடு 1971-இல் வந்தது. இன்றைய பக்கங்களும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று அதே ஒழுங்கில்தான் போகின்றன. டெர்மினல் பிடிக்காதவர்களுக்கு எஃப் 1 பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள்!

'மேன்' பக்கங்கள் ஆங்கிலத்தில் இருப்பது உண்மை. அது குறைதான், மறுக்கவில்லை. ஆனால் ஜாவாவையும் பைத்தானையும் ஆங்கிலத்தில் படித்துப் பாஸ் செய்யும் மாணவர், 'மேன்' பக்கத்தின் முதல் பத்து வரிக்கு மட்டும் மொழியைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோர்ஸ் விஷயம் சுருக்கமாக. சர்வர் நிர்வாக வேலைக்குப் போகிறவருக்கு ரெட் ஹேட் சான்றிதழ் உதவும், சேரட்டும். வீட்டில் கடிதம் அடித்து, பில் போட்டு, படம் பார்க்கிறவர் ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டுவது வீண். வில்லியம் ஷாட்ஸின் 'தி லினக்ஸ் கமாண்ட் லைன்' நூலையும் டெபியன் நிர்வாகிகள் கையேட்டையும் எழுதியவர்களே இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

உண்மையான தொல்லை வேறு. பாடம் குறைவாக இல்லை, பழசும் புதுசும் கலந்து கிடக்கிறது. உபுண்டு 2011-இல் யூனிட்டி என்ற திரை அமைப்பைக் கொண்டுவந்து, 2017 அக்டோபரில் அதைக் கைவிட்டு க்னோமுக்குப் போனது. நடுவில் எழுதிய பாடத்தை இன்று எடுத்தால் படத்தில் இருக்கும் பட்டன் திரையில் இருக்காது. புதியவர் பயந்துபோய், தன் மேல்தான் தப்பு என்று நினைத்து விண்டோஸுக்கே திரும்பிவிடுகிறார். கோப்பை நகலெடுக்கும், தேடும், அழிக்கும் கட்டளைகளுக்கு இந்த ஆபத்து இல்லை. இருபது வருடப் பழைய புத்தகத்தில் படித்தாலும் பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும். ஆகவே கட்டளைப் பாடம் பழையதானாலும் எடுங்கள். படம் போட்ட பாடத்தைத் தேதி பார்த்து எடுங்கள். உபுண்டுவின் எண்ணே ஆண்டும் மாதமும்தான்: 24.04 என்றால் 2024 ஏப்ரல்.

தமிழில் எழுதுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். எந்தப் பதிப்பில் செய்து பார்த்தீர்கள் என்பதைத் தலைப்புக்குக் கீழேயே போடுங்கள். அடுத்த பதிப்பு வந்ததும், புதிதாக ஒன்றை எழுதுவதற்கு முன் பழையதைத் திருத்துங்கள்.