‘கலவரம் வரும்’னு மிரட்டினால் பேச்சுக்குத் தடை போடலாமா? உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

அரசியலமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு குடிமக்கள் எல்லோருக்கும் பேச்சுரிமை தருகிறது. பொது ஒழுங்கு, அவதூறு போன்ற காரணங்களுக்காக அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது 19(2). அப்போ, ‘கலவரம் வெடிக்கும்’னு யாராவது மிரட்டினாலே தடை போட்டுவிடலாமா?

1989-ல் இதே கேள்வி வந்தது. இடஒதுக்கீட்டு முறையை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் ‘யு’ சான்றிதழை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. வெடிமருந்தில் விழும் தீப்பொறி மாதிரி, பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும். மிரட்டலுக்குப் பணியாமல் கருத்துரிமையைக் காப்பது அரசின் கடமை என்றது.

நெய்க்காரப்பட்டியில் மேடை போட்டு மைக் பிடிப்பவருக்கும் இதே அளவுகோல்தான். பிடிக்காத பேச்சுக்குப் பதில் பேசலாம், வழக்குப் போடலாம். கூட்டம் சேர்த்து மிரட்டினால், போலீஸ் முதலில் தடுக்க வேண்டியது மிரட்டுபவரைத்தான்.