சூரைச்செடியின் கீழ் சோர்ந்திருப்போருக்கு

வாரத்தில் மூன்று நாள்; ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். எங்கள் சிறுநீரகப் பிரிவில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் பலருடைய வாழ்க்கை இந்தக் கணக்கில்தான் நகர்கிறது. ஓர் ஆண்டில் 150 முறைக்கும் மேல் அந்தப் படுக்கையில் படுத்து எழ வேண்டும். ஒவ்வொரு முறையும் கையில் இரண்டு ஊசிகள். தாகம் எடுத்தாலும் தண்ணீரை அளந்தே குடிக்க வேண்டும். வீடு திரும்பினால் அன்று முழுவதும் அசதி. மறுநாள் சற்றே தெளிவு பிறக்கும்போது அடுத்த முறைக்கான நாள் வந்துவிடுகிறது.

இத்தகைய வாழ்க்கையில் களைத்துப்போவது உடல் மட்டுமன்று, விசுவாசமும் களைத்துப்போகிறது. மருத்துவர்களாகிய நாங்கள் எடையைக் கேட்கிறோம். ரத்த அழுத்தத்தைக் கேட்கிறோம். பசியையும் உறக்கத்தையும் கேட்கிறோம். “ஜெபிக்க முடிகிறதா?” என்று கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதை எங்களுக்கு உணர்த்தியவர் ஒரு நோயாளி. குடும்பத்தாரின் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி, அவரைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

அவர் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் வேதபாடம் சொல்லிக் கொடுத்தவர். டயாலிசிஸ் தொடங்கிய நாட்களில் வேதாகமத்தை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு படித்தபடியே படுத்திருப்பார். சில மாதங்களுக்குப் பின் அந்தப் புத்தகம் அவருடைய பையில் வருவது நின்றது. நாங்கள் அதைக் கவனித்தோம். ஆனால் எதுவும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் அவர் வரவேயில்லை. இரண்டு முறை தவறிய பின், நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்தக்கூடிய அளவுக்கு ஏறியிருந்தது. அன்றிரவு அவர் பிழைத்தார்.

மறுநாள் காலையில் அவர் சொன்ன காரணம் எங்களை வெட்கப்பட வைத்தது. வீட்டுக்கு ஜெபிக்க வந்த சிலர், “மெய்யான விசுவாசம் இருந்தால் இந்த இயந்திரம் எதற்கு?” என்று கேட்டிருக்கிறார்கள். பல வாரங்கள் உபவாசித்து ஜெபித்தும் சிறுநீரகம் சுகப்படவில்லை. ஆகவே தமக்கு விசுவாசம் இல்லை என்று அவர் முடிவு செய்தார். விசுவாசம் இல்லாதவன் எதற்கு உயிரோடிருக்க வேண்டும் என்றும் எண்ணிவிட்டார். “டாக்டர், ஆண்டவர் என்னை விட்டுவிட்டார். நானும் விட்டுவிடலாம் என்று நினைத்தேன்” என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. பதில் சொன்னவர் அவருடைய மனைவி. இரவெல்லாம் வராந்தாவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் எழுந்து வந்து, “நீங்கள் ஜெபிக்க வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் ஊசிக்குக் கையை நீட்டினால் போதும்” என்றார்.

அதுவரை எந்த வேதவிளக்கத்திலும் நாங்கள் கேட்டிராத தெளிவு அந்த வார்த்தைகளில் இருந்தது. அதன் பின்னரே சில கருத்துகளை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது.

முதலாவது, சோர்ந்துபோவது விசுவாசத்தை மறுதலிப்பதாகாது. ராஜாக்களின் முதலாம் புத்தகத்தில் எலியா தீர்க்கதரிசியின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் மாபெரும் வெற்றி கண்ட அதே மனிதர், அடுத்த அதிகாரத்தில் உயிருக்குப் பயந்து வனாந்தரத்திற்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தாம் சாக வேண்டும் என்று கேட்கிறார். அப்போது தேவன் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. அவர் தூங்குகிறார். தேவதூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அப்பமும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொடுக்கிறான். அவர் சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பி உணவளிக்கிறான். நெடும்பயணத்திற்குப் பின் ஓரேபில் தேவன் அவருடைய முறையீட்டைக் கேட்கிறார்; ஒருமுறை அல்ல, இருமுறை. கடைசியில், தாம் ஒருவனே மீந்திருப்பதாக எண்ணியவருக்கு எலிசா என்னும் துணையையும் காட்டுகிறார்.

உறக்கம், உணவு, தண்ணீர், செவிகொடுத்தல், துணை. மருத்துவர்களாகிய எங்களுக்கு இந்த வரிசை மிகவும் பழக்கமானது. களைத்த மனிதனுக்கு உபதேசம் முதல் மருந்தன்று என்பதை வேதமே காட்டியிருக்கிறது.

இரண்டாவது, நோயாளியின் விசுவாசத்தை அவருடைய பரிசோதனை அறிக்கையைக் கொண்டு அளப்பது அநியாயம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாட்கள் அவரோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். முடிவில் கர்த்தர் கோபித்துக்கொண்டது அழுது முறையிட்ட யோபுவின்மேல் அன்று, அந்த நண்பர்களின்மேல். பவுல் அப்போஸ்தலன் தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை. அதனால் அவரை அவிசுவாசி என்று எவரும் சொல்வதில்லை. பவுலுக்குச் சொல்லத் துணியாததைப் பக்கத்துத் தெருவில் நோயுற்றிருப்பவருக்கு ஏன் சொல்கிறோம்?

நோயாளிகளைப் பார்க்க வரும் சபையாருக்கு எங்கள் வேண்டுகோள் இதுவே: வாருங்கள், கையைப் பிடித்துச் சுருக்கமாக ஜெபியுங்கள், சிறிது நேரம் அமைதியாக உடனிருங்கள். மருந்தையோ டயாலிசிஸையோ நிறுத்தச் சொல்லாதீர்கள். அன்பின் மிகுதியால் இளநீரும் பழங்களும் வாங்கி வரும் முன் எங்களைக் கேளுங்கள்; அவற்றிலுள்ள பொட்டாசியம் இந்த நோயாளிகளுக்குத் தீங்கு செய்யலாம். உபவாச ஜெபத்தில் கலந்துகொள்ள விரும்பும் நோயாளிகள், சிறப்பாக இன்சுலின் போட்டுக்கொள்வோர், முன்னதாக எங்களிடம் பேசுங்கள். பட்டினியில் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து நினைவிழப்பது உபவாசத்தின் நோக்கமாக இருக்க முடியாது.

மூன்றாவது, ஜெபிக்க முடியாமற்போவதற்கு உடலிலும் காரணங்கள் இருக்கலாம். நீண்டகாலச் சிறுநீரக நோய் உள்ளவர்களிடம் மனச்சோர்வு நோய் அடிக்கடி காணப்படுகிறது. ரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, உறக்கமின்மை, ஓயாத வலி, சில மருந்துகள் ஆகியவையும் மனத்தை இருளச் செய்யும். முன்பு மகிழ்ச்சி தந்த எதிலும் நாட்டமில்லாமை, அதிகாலையிலேயே விழித்துக்கொண்டு கலங்குதல், காரணமற்ற குற்றவுணர்வு, சாவே நல்லது என்னும் எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதை ஆவிக்குரிய குறைவு என்று எண்ணி மறைக்காதீர்கள். சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம், அன்றே சொல்லுங்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. அந்த மாத்திரையை விழுங்குவது, ரத்த அழுத்தத்திற்கு மாத்திரை விழுங்குவதைப் போன்றதே. நாங்கள் குறிப்பிட்ட ஆசிரியருக்கும் அந்தச் சிகிச்சை தேவைப்பட்டது. அவர் பையில் வேதாகமம் காணாமற்போன அன்றே நாங்கள் கேட்டிருந்தால், அந்த நள்ளிரவு நேர்ந்திராமல் இருக்கலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதுமையும் பல நோய்களும் சேர்ந்து, சிகிச்சை துன்பத்தை மட்டுமே நீட்டிக்கும் நிலையில், நோயாளியும் குடும்பத்தாரும் மருத்துவரும் கூடிப் பேசி டயாலிசிஸை நிறுத்துவது உண்டு. அது விசுவாசக் குறைவும் அன்று, கைவிடுதலும் அன்று. வலியும் மூச்சுத் திணறலும் இல்லாதபடி நாங்கள் இறுதிவரை உடனிருப்போம். ஆனால் தேவன் தம்மைத் தள்ளிவிட்டார் என்ற பயத்தில், ஒருவரிடமும் சொல்லாமல், தனியே எடுக்கும் முடிவு அதுவன்று. அந்த முடிவை எடுக்கும் முன் எங்களிடம் வாருங்கள்.

நான்காவது, விசுவாசத்தில் நிலைத்திருப்பது எப்போதும் உள்ளத்தில் அனல் வீசும் அனுபவமாக இருப்பதில்லை. அன்னை தெரசா 1997-ல் மறைந்தார். 2007-ல் நூலாக வெளிவந்த அவருடைய கடிதங்கள், பல பத்தாண்டுகள் அவர் தேவனுடைய பிரசன்னத்தை உணராத வறட்சியில் வாழ்ந்ததை வெளிப்படுத்தின. அந்த ஆண்டுகளிலும் அவர் விடியற்காலையில் எழுந்தார், ஜெபித்தார், நோயுற்றோரிடம் சென்றார்.

வேலூரில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் மருத்துவர்களாகிய எங்களுக்கு இன்னும் நெருக்கமானவர். 1954-ல் நேர்ந்த ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு அவருடைய கால்கள் செயலிழந்தன. இளம் மருத்துவர் ஒருவருக்கு அதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்க முடியும்? ஆனால் கைகள் இருந்தன. டாக்டர் பால் பிராண்டின் வழிகாட்டுதலில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, தம்மைப் போன்று முடங்கியவர்களுக்கான துறையை வேலூரில் வழிநடத்தினார். 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய கால்கள் கடைசிவரை நடக்கவில்லை. அவர் கேட்ட சுகம் கிடைக்காமற்போயிருக்கலாம். அவர் வழியாகப் பலருக்குச் சுகம் கிடைத்தது.

எல்லோரும் மேரி வர்கீஸ் ஆக வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது களைத்தவர்களின் தோளில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். சிலருடைய விடாமுயற்சி பெரிய பணியாக வெளிப்படும். சிலருடையது காலையில் எழுந்து முகம் கழுவி, டயாலிசிஸ் பிரிவின் வாசலுக்கு வந்து சேர்வதாக இருக்கும். இரண்டும் தேவனுடைய பார்வையில் சிறியவை அல்ல என்றே நம்புகிறோம்.

இறுதியாக, பராமரிக்கும் குடும்பத்தாருக்கு ஒரு சொல். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவன் என்ன நம்பினான், எவ்வளவு நம்பினான் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. ஒருவருக்கு விசுவாசிக்க வலுவில்லாத நாளில் மற்றவர் அவருக்காக விசுவாசிக்கலாம். சபை இருப்பதன் பொருளும் அதுதான். ஆனால் சுமப்பதற்கு அன்று நால்வர் இருந்தார்கள். நீங்கள் ஒருவராகவே நான்கு மூலைகளையும் பிடித்துக்கொண்டிருந்தால், உங்கள் கையும் ஒரு நாள் தளரும். உறவினரிடம் உதவி கேளுங்கள். மருத்துவமனை ஆயரிடம் பேசுங்கள். ஓர் இரவாவது வீட்டில் உறங்குங்கள். கிறிஸ்தவரல்லாத குடும்பத்தாருக்கும் இது பொருந்தும். அவரவர் நம்பிக்கையின் வழியில் அவரவர் தேற்றம் பெறட்டும்.

எங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இளம் வயது நோயாளி ஒருவரை இழந்த மறுநாள் காலை, மருத்துவமனை ஆலயத்தில் பாடல் பாட வாய் திறக்காமல் நாங்களும் நின்றதுண்டு. பக்கத்தில் நின்ற செவிலியர்கள் பாடினார்கள். அன்று அது போதுமானதாக இருந்தது.

அந்த ஆசிரியர் இப்போது தவறாமல் வருகிறார். சிறுநீரகம் சுகப்படவில்லை; மாற்று அறுவை சிகிச்சைக்கும் வாய்ப்பு அமையவில்லை. அவருடைய வேதாகமம் இன்னும் பைக்குத் திரும்பவில்லை. சில நாட்களாக, ஊசி போட்டு இயந்திரம் ஓடத் தொடங்கியதும், மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அருகே அமர்ந்து சங்கீதங்களை வாசிக்கிறார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். சென்ற வாரம் மனைவி ஒரு வசனத்தைத் தவறாக வாசித்தபோது, கண்ணைத் திறக்காமலே அவர் அதைத் திருத்தினார்.