தள்ளி வைப்பதற்குப் பேர் தரம்

வங்கியில் நான் உட்காருவது கல்விக் கடன் மேசையில். மே மாசம் பிறந்தால் சேரிகளிலிருந்தும் காலனிகளிலிருந்தும் அப்பன்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கையில் சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், அப்புறம் வழவழ காகிதத்தில் ஒரு புத்தகம். போன வருஷம் வந்த ஒருவர் செங்கல் சூளைத் தொழிலாளி. மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். "கவர்மெண்ட் காலேஜ் கெடைக்கும்தான் சார். ஆனா இது ரேங்க்ல இருக்கிற யுனிவர்சிட்டியாம்" என்றார். ரேங்க் என்பதைக் குலசாமி பேரைப்போலச் சொன்னார். இடத்தை உறுதி செய்ய என்று வட்டிக்கு வாங்கி 25,000 ரூபாய் கட்டியாகிவிட்டது. எஸ்.சி.க்கு ஸ்காலர்ஷிப் வந்துரும் என்று சொல்லியிருக்கிறார்கள். புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. சொன்னவன் தரகன்.

புரட்டிப் பார்த்தேன். நீச்சல் குளம், ஒரு வெள்ளைக்காரர், கண்ணாடிக் கட்டிடம். விளம்பர வாசகங்களைப் பார்த்தால் கவிதை எழுதுகிறவனுக்கே பொறாமை வரும். நடுப்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு பெருமை: இத்தனை லட்சம் பேர் எங்கள் நுழைவுத் தேர்வை எழுதினார்கள், இத்தனை பேரைத்தான் எடுத்தோம்.

இந்தப் பெருமை நமக்குப் புதுசா தோழர்களே? கோயில் வாசலிலும் குளத்தங்கரையிலும் பார்த்ததுதானே. உள்ளே விடாததால்தான் அது புனிதம். ஊர் ஊராக விளம்பரம் செய்து கூட்டம் சேர்ப்பது, சேர்ந்த கூட்டத்தை விரட்டுவது, விரட்டிய கணக்கைக் காட்டி அடுத்த வருஷம் இன்னும் பெரிய கூட்டத்தைச் சேர்ப்பது. விரட்டப்படுகிறவனே அதற்கு விண்ணப்பக் கட்டணமும் கட்ட வேண்டும் என்பது மனுவுக்குக்கூடத் தோன்றாத யோசனை.

உள்ளே போனவர்களுக்கும் படிக்கட்டு இருக்கிறது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். ஆனால் நுழைவுத் தேர்வில் பின்னால் போகப் போக ஃபீஸ் ஏறும். கோச்சிங் போக வசதியில்லாத பிள்ளை பின்னால்தான் வரும். முன்னால் வந்த டாக்டர் மகனுக்குக் கிடைக்கிற சலுகையை, பின்னால் வந்த சூளைக்காரர் மகள் சுமப்பாள். அவன் மார்க் இவர்களுக்கு விளம்பரம், இவள் பணம் விளம்பரச் செலவு. அந்தப் பெண்ணின் பேர் இருந்தது கடைசிப் படிக்கட்டில்.

சரி, அந்த ரேங்க்தான் என்ன? 2016இலிருந்து மத்திய அரசே தேசியத் தரவரிசை வெளியிடுகிறது. 2023 பட்டியலின் கணக்கைச் சொல்கிறேன். மொத்தம் 100. இந்த நிறுவனத்தைப் பற்றி வேலை தருகிறவர்களும் கல்வியாளர்களும் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு 10. விளம்பரம் எதற்கு என்று இப்போது விளங்கும். 'அனைவரையும் உள்ளடக்குதல்' என்பதற்கு இன்னொரு 10. அதைப் பங்கு போட்டால் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கு 3, பெண்களுக்கு 3, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிக்கு 2, பொருளாதாரத்திலும் சமூகத்திலும் பின்தங்கியவர்களுக்கு 2. அந்த 2கூட நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தலையை எண்ணிக் கொடுப்பதல்ல. எத்தனை பேருக்கு முழுக் கட்டணம் திருப்பித் தரப்பட்டது என்று பார்த்துக் கொடுப்பது. ஹைதராபாத்திலிருந்து ஒரு பணக்காரப் பையனை இழுத்து வந்தால் கிடைக்கிற மதிப்பு, பக்கத்துச் சேரிப் பிள்ளையைச் சேர்த்தால் கிடையாது.

கூத்து 2018 ஜூலையில் நடந்தது. மத்திய அரசு ஆறு நிறுவனங்களை 'மேன்மைமிகு நிறுவனங்கள்' என்று அறிவித்தது. அதில் ஒன்று ஜியோ இன்ஸ்டிட்யூட். அன்றைக்கு அங்கே வகுப்பறை இல்லை, வாத்தியார் இல்லை, மாணவன் இல்லை. வகுப்பு தொடங்கியது 2022இல். பிறக்கும் முன்பே மேன்மை. இதற்கு நம் ஊரில் வேறு பேர் உண்டு. நாம் எத்தனை டிகிரி வாங்கி வந்து நின்றாலும் 'தகுதி இருக்கா' என்று கேட்கிற அதே வாய்தான் அதை அறிவித்தது.

அதே ஆறில் இன்னொன்று பிலானி பிட்ஸ். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு கொடுத்த அறிக்கையில் அதன் கணக்கு இருக்கிறது: 2024-25இல் 5,137 மாணவர்கள், அதில் தலித்துகள் 29, பழங்குடிகள் 4. தனியார் கல்வி நிறுவனங்களிலும் இட ஒதுக்கீடு கொண்டுவர 2005இன் 93ஆவது திருத்தம் வழி திறந்தது. 2014இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. இருந்தும் அந்த அறிக்கை வருகிற வரைக்கும், இருபது வருஷமாக, மத்திய அரசு அதற்கென்று ஒரு சட்டம் போடவில்லை. சட்டம் போடுங்கள் என்று நிலைக்குழுவே சொல்ல வேண்டியிருந்தது.

இதையெல்லாம் சூளைக்காரரிடம் சொன்னேன். கவர்மெண்ட் காலேஜில் சேருங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்துட்டீங்க. எம்பொண்ணு மட்டும் பேரில்லாத காலேஜுக்குப் போவணுமா? கம்பெனிக்காரன் எங்க வர்றான்னு சொல்லுங்க."

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சொல்வது நிஜம். தாத்தன் பேர், மாமன் சிபாரிசு எதுவும் இல்லாத பிள்ளைக்குக் கல்லூரியின் பேர்தான் முதல். பேரும் பணமாகிவிட்டது: 2024 நவம்பரில் வந்த வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் மேலே நிற்கிறவையும் மத்திய அரசு நிறுவனங்களும் என்று முதலில் 860 நிறுவனங்களைப் பொறுக்கி எடுத்து, அங்கே சேர்ந்தால் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் என்கிறது. அந்தப் பட்டியலை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆக, பேருக்கு ஆசைப்பட்ட அந்த அப்பன்மேல் தப்பே இல்லை. நம் காசிலும், நம்மைத் தள்ளி வைத்த கணக்கிலும் உண்டான பேரை நம்மிடமே விற்கிறானே, அவனைத்தான் கேட்க வேண்டும்.

கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூணு வருஷத்துக்கு முன்னால், ஏப்ரல் 14க்கு, ஒரு தனியார் பல்கலைக்கழகம் என்னைக் கவிதை வாசிக்கக் கூப்பிட்டது. போனேன். சால்வை போட்டார்கள். அடுத்த வருஷம் அவர்களுடைய புத்தகத்தில் 'சமூக நல்லிணக்கம்' என்ற தலைப்பின் கீழ் என் போட்டோ. அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். யார் வீட்டுப் பிள்ளையை அந்தப் படம் இழுத்து வந்ததோ தெரியவில்லை.

இந்த வருஷமும் அழைப்பு வந்திருக்கிறது. இந்தத் தடவையும் போவேன். கவிதை கொண்டுபோக மாட்டேன். அங்கே படிக்கிற தோழர்கள் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும்: உங்கள் துறையில் நம் பிள்ளைகள் எத்தனை, நம் ஆசிரியர்கள் எத்தனை, கட்டணம் கட்ட முடியாமல் பாதியில் நின்றவர்கள் எத்தனை என்று எண்ணி மார்ச் முடிவதற்குள் இதழின் முகவரிக்கு எழுதுங்கள். துறை துறையாக மேடையில் வாசிக்கிறேன். போட்டோ எடுப்பவர் அதையும் எடுக்கட்டும்.