தடுப்பவளும் தோழிதான்

சண்டைப் படங்களில்தான் உண்மையான நட்பைக் காணலாம் என்று நானா அடிக்கடி சொல்வார். அவருக்கு மிகப் பிடித்தது 1988இல் வெளியான ‘பிளட்ஸ்போர்ட்’. ஹொங்கொங்கில் குறைந்த செலவில் எடுக்கப்பட்டு, வான் டாமைப் பிரபலமாக்கிய படம். கதை ஓர் இரகசியச் சண்டைப் போட்டியைப் பற்றியது.

ஹோட்டலில் வீடியோ கேம் விளையாடும்போது பிராங்கும் ஜாக்சனும் நண்பர்களாகின்றனர். அந்தக் காட்சி எனக்கும் பிடிக்கும். பிறகு சொங் லீ, ஜாக்சனை அடித்து வைத்தியசாலைக்கு அனுப்புகிறான். அவனது தலைப்பட்டியையும் எடுத்துக்கொள்கிறான். அத்தோடு பிராங்கின் போட்டி பழிவாங்கலாக மாறிவிடுகிறது. அடிபடுவதற்கென்றே ஜாக்சனைக் கதைக்குள் கொண்டுவந்தார்களோ என்று எனக்குத் தோன்றும்.

‘வேண்டாம்’ என்று பிராங்கைத் தடுப்பவள் பத்திரிகையாளரான ஜெனிஸ். படம் அவளை வீரனுக்குக் குறுக்கே நிற்பவளாகவே காட்டுகிறது. இறுதியில் பிராங்க் வென்றுவிடுவதால் அவள் சொன்னது பிழையாகிவிடுகிறது. தோற்றிருந்தால்? இந்தப் படத்தில் உண்மையான அக்கறையை நான் கண்டது அவளிடம்தான்.

நானாவிடம் கேட்டேன்: “உங்கட கூட்டாளி சண்டைக்குக் கிளம்பினா, கூடப் போவீங்களா, கையைப் பிடிச்சு நிறுத்துவீங்களா?”

“கூடத்தான் போவன்” என்றார், யோசிக்காமலே.

குசினியிலிருந்து உம்மா எட்டிப் பார்த்தார்.