பவளமும் கண்ணாடித் தொட்டியும்

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்க்கும் வழக்கம் நம் நாட்டு நகரங்களில் நெடுநாளாக உண்டு. அண்மைக் காலத்தில் கடல்நீர்த் தொட்டி அமைத்து, அதனுள் உயிருள்ள பவளத்தை வைக்கும் ஆவலும் பெருகியுள்ளது. பள்ளியில் இத்தகைய தொட்டி ஒன்று இருப்பின் மாணவர் கடலறிவு பெறுவர் என்று கருதும் ஆசிரியர்களும் உளர். இந்த ஆவல் பழித்தற்குரியதன்று. ஆயினும், பவளத்தை நலமாகப் பேணும் கலை வேறு. பவளத்தையே வீட்டிற்குக் கொணர்தல் வேறு. முன்னதை யாவரும் கற்கலாம், கற்கவும் வேண்டும். பின்னது நம் நாட்டில் தகாது.

பவளம் கல்லன்று, செடியுமன்று. அது குழியுடலிகளைச் சேர்ந்த விலங்கு. பாலிப்பு எனப்படும் அதன் சிற்றுடல் கடல்நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் கொண்டு தன் அடியில் சுண்ணாம்புக் கூடு கட்டுகிறது. பாறை கட்டும் பவளங்களின் திசுக்களுள் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசி வாழ்கிறது. விலங்கு வெளிவிடும் கரியமில வாயுவையும் கழிவுச் சத்துக்களையும் பாசி ஏற்கிறது. ஒளியின் துணையால் பாசி ஆக்கும் உணவு விலங்கிற்குச் சேர்கிறது. பவளத்திற்கு வேண்டும் ஆற்றலில் 90 விழுக்காடு வரை இவ்வாறு கிட்டக்கூடும். ஆகவே பாசிக்கு ஒளி, கூட்டிற்குச் சுண்ணாம்பு, இரண்டிற்கும் மாறாத வெப்பமும் தூய்மையும் உள்ள நீர் ஆகியவை அமைந்தாலன்றிப் பவளம் நலமாயிராது.

இவற்றைத் தொட்டியில் அமைத்தல் எளிதில் கைவந்த கலையன்று. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், பாறைத்திட்டிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை, கதிரவன் ஒளி, காற்றுக் குமிழ்கள் ஆகியவற்றால் கடலுயிர்களைப் பேணும் முறையை 1961-இல் எழுதி வெளியிட்டார். பின்னர் ஐரோப்பாவில் பீட்டர் வில்கென்ஸ் முதலியோர், பவளம் செலவிடும் கால்சியத்தை ஈடுசெய்யத் தெளிந்த சுண்ணாம்பு நீரைத் துளித்துளியாகத் தொட்டியில் சேர்க்கலாயினர். அங்கே சுண்ணாம்பு ஊற்றிப் பவளத்தை வளர்த்த அக்காலத்தில், இங்கே மன்னார் வளைகுடாவில் பவளத்தைப் பெயர்த்துச் சுண்ணாம்பாக்கிக் கொண்டிருந்தோர் பலர். அவ்வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கியமைக்கு இத்தோண்டுதலே முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

தேர்ந்த வளர்ப்பாளர் பேணும் அளவுகள் இவை: வெப்பநிலை 25 முதல் 26 டிகிரி சென்டிகிரேடு, உவர்ப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, பி.எச். அளவு 8.0 முதல் 8.4 வரை, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மெக்னீசியம் ஏறக்குறைய 1,300 மில்லிகிராம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். எனினும், அளவு சரியாயிருத்தலினும் அது மாறாதிருத்தலே பெரிது. இதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். நூறு லிட்டர்த் தொட்டியில் 2 லிட்டர் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. அவ்விடத்தை நிரப்பாது விட்டால் உவர்ப்பு 35-லிருந்து 35.7 ஆகும். கடல்நீரையே ஊற்றி நிரப்பினாலும் அதே 35.7 தான். நன்னீரை ஊற்றினால் மட்டுமே பழைய நிலை மீளும். அதுவும் குளோரினும் செம்பும் கலவாத நன்னீராக இருத்தல் வேண்டும். இதனை அறியாது வாரந்தோறும் கடல்நீரை ஊற்றுவோர் தம் கையாலேயே பவளத்தைக் கொல்கின்றனர். எனவே, இக்கலைக்கு இன்றியமையாத கருவி விலையுயர்ந்த விளக்கன்று. நாள்தோறும் அளவு குறிக்கும் ஏடேயாம்.

இவ்வளவு கற்றவர் ஒரு பவளத்தை வைத்துக்கொள்வதில் தவறென்ன என்று சிலர் வினவுவர். ஒரு கிளையை ஒடித்தால் அது புதுத் தொகுதியாக வளர்கிறது. ஆதலின் கடலுக்கு இழப்பில்லை என்பது அவர்தம் வாதம். ஒடித்த கிளை வளர்வது உண்மையே. ஆனால் முதற்கிளை எங்கிருந்து வந்தது என்பதைத் தொட்டியைப் பார்த்து ஒருவரும் சொல்ல இயலாது. வாங்குவோர் பெருகின், கடலில் உளி வைப்போரும் பெருகுவர். மேலும், மே மாதத்தில் அறையின் வெப்பம் 35 டிகிரியைக் கடக்கும் ஊர்களில், குளிரூட்டும் கருவி மின்தடையால் சில மணி நேரம் நின்றாலே தொட்டி அழியக்கூடும். இறந்த பவளத்தின் இடத்திற்கு இன்னொன்று தேடப்படும். இக்காரணங்களால் பாறை கட்டும் பவளங்கள், கரும்பவளம், நெருப்புப் பவளம், குழாய்ப் பவளம், கடல் விசிறி ஆகியவை 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டமை முற்றிலும் பொருந்தும். அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் சிறைக்குரிய குற்றம்.

அதனால் தொட்டிக்கலை பயனற்றது என்பது பொருளன்று. 2019-இல் ஃபுளோரிடா அக்வேரியத்தார் அட்லாண்டிக் தூண் பவளத்தை முதன்முறையாக ஆய்வகத்தில் முட்டையிடச் செய்தனர். 2023 கோடையில் ஃபுளோரிடாக் கடல் மிகைவெப்பமுற்றபோது, கடல் நாற்றங்கால்களிலிருந்த பவளங்களைக் கரையிலுள்ள தொட்டிகளுக்கு மாற்றிக் காத்தனர். நம் நாட்டிலும் இத்தகைய தொட்டிகள் உரிய அனுமதியுடன் ஆராய்ச்சி நிலையங்களில் பெருகுதல் நன்று. பவளத் தொட்டிக்குரிய இடம் அதுவே, வீட்டு முன்னறையன்று.

பள்ளிக்கு வேண்டுவது பவளமில்லாத் தொட்டி. ஒரு கண்ணாடிச் சாடியில் உப்புநீர் நிரப்பி, நீர்மானியால் அடர்த்தியை நாள்தோறும் அளந்து எழுதினால், மேற்சொன்ன 35.7 கணக்கின் உண்மையை மாணவர் கண்ணாரக் காண்பர். நீர்த்த சுண்ணாம்புத் தெளிநீரில் குழாயால் ஊதினால் நீர் பால்போலாகிறது. அதுவே பவளக் கூட்டின் பொருளாகிய கால்சியம் கார்பனேட்டு. மேலும் நெடுநேரம் ஊதினால் வெண்மை குறைந்து நீர் தெளிகிறது. கரியமில வாயு மிகுந்தால் கடலில் சுண்ணாம்புக் கூடு கட்டுதல் ஏன் அரிதாகிறது என்பதை விளக்க இதனினும் எளிய சோதனை இல்லை. மாணவர் ஊதுதல் வேண்டும். உறிஞ்சலாகாது என்பதை மட்டும் ஆசிரியர் முன்னரே சொல்லிவிடுதல் நலம்.

களப்பணியாளர்க்கோ தொட்டி முன்பே உளது. கச்சு வளைகுடா, இலட்சத்தீவு, மன்னார் வளைகுடா, அந்தமான் நிக்கோபார் ஆகியவையே அது. வழக்கமான கோடை உச்சத்தினும் ஒரு டிகிரி வெப்பம் மிகுந்து சில வாரம் நீடித்தால், பவளம் நுண்பாசியை இழந்து வெளிறுகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நம் கடல்களில் இது நேர்ந்தது; 2024-இல் இலட்சத்தீவில் மீண்டும் நேர்ந்தது. செயற்கைக்கோள் காட்டுவது நீர்ப்பரப்பின் வெப்பத்தையே. திட்டின் அடியிலுள்ள வெப்பத்தையும், கலங்கலையும், பவளத்தின் நிறத்தையும் அங்குச் செல்பவரே குறிக்க இயலும். வெண்மை வேறு, சாவு வேறு என்பதும் அறியத்தக்கது. வெளிறிய பவளத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய திசு இன்னும் உயிரோடிருக்கும். இறந்ததன் மேல் விரைவில் பாசி படர்ந்துவிடும். முன்னது வெப்பம் தணிந்தால் பிழைக்கக்கூடும். ஆதலின் அந்த வாரங்களில் நங்கூரமும் வலையும் மிதிப்பும் அதனைத் தீண்டாது காத்தல் மிக இன்றியமையாதது.

வீட்டில் ஒரு பவளத்தை வைத்திருப்பவர் நாள் தவறாது வெப்பமும் உவர்ப்பும் அளந்து ஏட்டில் எழுதுகிறார். நாட்டிற்குரிய பவளத்திட்டுகளுக்கு அவ்வளவு அக்கறையுள்ள ஏடு எத்தனை இடங்களில் உண்டு? ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில், ஒரே வேளையில் குறிக்கப்பட்ட வெப்பநிலை வரிசை ஒன்று, அழகிய தொட்டிகள் நூற்றினும் பவளத்திற்கு நன்மை செய்யும். அந்த ஏட்டைத் தொடங்குதல் களப்பணியாளர் கடன். அதனைப் படிக்கக் கற்பித்தல் ஆசிரியர் கடன்.