ஆராய்ச்சிக்கும் கட்டளை வேண்டும்

திருத்தணி வட்டாரத்தில் நெல் பயிரிட்ட மூத்த விவசாயிகளுக்கு ஐ.ஆர். 20 ரகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1970களில் தமிழ்நாடு முழுவதும் பரவிய ரகம் அது. பெயரைக் கேட்டால் வெளிநாட்டு நெல் என்றே தோன்றும். பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம்தான் 1969இல் அதை வெளியிட்டது. ஆனால் அதன் பெற்றோரில் ஒன்று திருத்தணியின் பக்கத்து ஊரில் பிறந்தது. திருவள்ளூரை அடுத்த திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த டி.கே.எம். 6 ரகமே அது.

ஒரு விதை வயலுக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை பேருடைய உழைப்பும் பணமும் அதில் சேருகின்றன என்பதை விவசாயிகள் அறிந்துகொள்வது நல்லது. உழைப்பைப் பற்றி அடிக்கடி பேசப்படுகிறது. பணத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. தனியார் அறக்கட்டளைகளின் பணம் அறிவியல் ஆராய்ச்சிக்குள் அதிகமாக வந்துகொண்டிருக்கும் இந்நாளில் அதைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

எண்ணெய்ப் பணமும் நெல் விதையும்

அமெரிக்காவில் மண்ணெண்ணெய், பெட்ரோல் வியாபாரத்தில் பெரும் செல்வம் சேர்த்த ராக்ஃபெல்லர் குடும்பம் 1913இல் ஓர் அறக்கட்டளையை நிறுவியது. மோட்டார் கார் தொழிலில் சேர்ந்த பணத்தைக் கொண்டு 1936இல் ஃபோர்டு அறக்கட்டளை தோன்றியது. இவ்விரண்டும் பிலிப்பைன்ஸ் அரசுடன் சேர்ந்து 1960இல் லாஸ் பானியோஸ் என்ற ஊரில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தின. அங்கே தைவான் நாட்டுக் குட்டை நெல்லையும் 'பேட்டா' என்ற உயரமான நெல்லையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய ஐ.ஆர். 8 ரகம் 1966இல் வெளிவந்தது. உரம் இட்டால் சாயாமல் நின்று அதிக மகசூல் கொடுத்ததால் 'அதிசய நெல்' என்று பெயர் பெற்றது.

இந்தியாவிலும் இந்த அறக்கட்டளைகளின் பங்கு சிறிதல்ல. மக்காச்சோளம், சோளம், கம்பு ஆகியவற்றின் ஆராய்ச்சிக்காக 1956இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையுடன் மத்திய அரசு ஒப்பந்தம் செய்தது. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1958இல் முதுநிலைப் படிப்புப் பள்ளி தொடங்கவும் அந்த உதவி பயன்பட்டது. அங்கே பயின்ற மாணவர்களே பின்னர் மாநிலங்களின் ஆராய்ச்சி நிலையங்களில் விஞ்ஞானிகளாகப் பரவினர். இந்த உதவியை நன்றியோடு நினைப்பதில் தவறில்லை.

திரூர் கொடுத்த பங்கு

ஐ.ஆர். 8 மகசூலில் சிறந்திருந்தும் குறைகள் இல்லாமல் இல்லை. அரிசி தடிமன், சமைத்தால் ருசி போதாது. பூச்சி, நோய்த் தாக்குதலும் அதிகம். இந்தக் குறைகளைப் போக்க வந்ததே ஐ.ஆர். 20. தண்டுத் துளைப்பானை ஓரளவு தாங்கும் தன்மையும், பாக்டீரியா இலைக்கருகல் நோயை எதிர்க்கும் குணமும் அதற்கு டி.கே.எம். 6 வழியாகக் கிடைத்தவை. 1976இல் வெளிவந்த ஐ.ஆர். 36 ரகத்தின் மூதாதையரிலும் டி.கே.எம். 6 இருக்கிறது. ஐ.ஆர். 36 ஒரு காலத்தில் உலகில் சுமார் 1 கோடியே 10 லட்சம் எக்டரில் சாகுபடியானது.

அந்த டி.கே.எம். 6 எங்கிருந்து வந்தது? கோயமுத்தூரில் கண்டெடுக்கப்பட்ட ஜி.இ.பி. 24 ரகத்தையும், கோ 18 ரகத்தையும் ஒட்டுச் சேர்த்து 1952இல் திரூர் நிலையம் வெளியிட்டது. அந்த நிலையம் 1942இல் தொடங்கப்பட்டது. அதற்குப் பணம் கொடுத்தது அறக்கட்டளை எதுவும் அல்ல. சென்னை மாகாண அரசின் கஜானா, அதாவது நில வரி கட்டிய குடியானவர்களின் பணம். நாற்று விட்டு, நட்டு, கதிர் பிரித்து, குறிப்பெழுதி, ஆண்டுதோறும் சம்பளம் வாங்கிய சாதாரண ஊழியர்களின் வேலை அது.

ஆகவே கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும். அறக்கட்டளையின் பணம் இல்லாமல் இருந்தால் டி.கே.எம். 6இன் நல்ல குணங்கள் சாயும் இயல்புள்ள உயரமான பயிரிலேயே நின்றிருக்கும். திரூரின் பொறுமையான வேலை இல்லாமல் இருந்தால் லாஸ் பானியோஸ் விஞ்ஞானிகளின் கையில் அந்தக் குணங்களே இருந்திருக்காது.

இதே பாடம் பிறகும் கிடைத்தது. ஆந்திர எல்லையோரம் உள்ளவர்களுக்கு 'சுவர்ணா' நெல்லைத் தெரியும். ஆந்திராவின் மார்ட்டேறு ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகம் அது. ஒடிசாவைச் சேர்ந்த எஃப்.ஆர். 13ஏ என்ற நெல்லிலிருந்து வெள்ளத்தைத் தாங்கும் மரபணுவை எடுத்து, சுவர்ணாவில் சேர்த்து, 'சுவர்ணா சப்-1' உருவாக்கப்பட்டது. இந்தியாவில் 2009இல் வெளியான இந்த ரகம் சுமார் இரண்டு வாரம் நீரில் மூழ்கியிருந்தாலும் பிழைக்கும். இதை விவசாயிகளிடம் பரப்பும் பணிக்கு கேட்ஸ் அறக்கட்டளை நிதி கொடுத்தது. இங்கும் மூல விதை இரண்டும் நம் நாட்டின் பொது நிலையங்கள் காத்து வைத்தவையே.

கொடுப்பவர் கண் படும் இடம்

அறக்கட்டளைப் பணத்தில் கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. கொடுப்பவர் எதை முக்கியம் என்று கருதுகிறாரோ அங்கேதான் பணம் போகும்.

ஃபோர்டு அறக்கட்டளை உதவியுடன் 1960-61இல் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தில் முதலில் 7 மாவட்டங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் தஞ்சாவூர் இடம் பெற்றது. பொதுவாகப் பாசனம் உறுதியாக உள்ள மாவட்டங்களையே நாடினார்கள். விரைவில் பலன் காட்ட வேண்டும் என்பது நோக்கம். அது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் மழையை நம்பி வேர்க்கடலையும் கேழ்வரகும் விதைக்கும் திருத்தணி போன்ற மேட்டு நிலப் பகுதிகள் வரிசையில் பின்னால் நிற்க நேர்ந்தது.

உலகளவிலும் இதே கதைதான். முதலில் நெல், கோதுமை, மக்காச்சோளம். வறண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச நிலையம் ஐதராபாத் அருகே பட்டன்சேருவில் 1972இல்தான் தோன்றியது. வேர்க்கடலை அதன் ஆராய்ச்சிப் பயிரானது 1976இல். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வேர்க்கடலை விவசாயிக்குத் துணை நின்றது திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம். டி.எம்.வி. என்று தொடங்கும் ரகங்கள் எல்லாம் அந்த அரசு நிலையத்தின் பெயரைத் தாங்கியவை. கொடையாளர்களின் பார்வை படாத பயிரை அரசு நிலையமே காப்பாற்ற முடியும் என்பதற்கு இது சாட்சி.

நம்மவர் கொடை

கல்விக்கும் விஞ்ஞானத்துக்கும் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. ஜாம்ஷெட்ஜி டாட்டா தம் சொத்தில் ஒரு பகுதியை ஒதுக்கியதால் பெங்களூரில் 1909இல் இந்திய விஞ்ஞானக் கழகம் உருவானது. மைசூர் மகாராஜா அரசு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. இந்திய அரசு ஆண்டு மானியம் கொடுத்தது. மூன்று கை சேர்ந்து தூக்கியதால் அந்தக் கழகம் நூறாண்டு கடந்தும் நிற்கிறது.

தமிழ்நாட்டில் டாக்டர் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் அதைத் திறந்து வைத்தவர் திருத்தணியில் பிறந்த டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அன்று முதல் அதை நடத்திவரும் செலவு மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவுடையது. கொடை தொடங்கி வைத்தது; அரசு தொடர்ந்து நடத்தியது.

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929இல் எழுந்த சிதம்பரம் பல்கலைக்கழகமும் எண்ணற்ற கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பட்டம் கொடுத்தது. நிதி நெருக்கடி வந்தபோது, 2013இல் தமிழக அரசு அதன் நிர்வாகத்தைச் சட்டம் இயற்றி ஏற்றது. எவ்வளவு பெரிய கொடையானாலும் காலம் செல்லச் செல்ல அது மட்டும் போதாது என்பதை இது காட்டுகிறது.

டாக்டர் ராதாகிருஷ்ணனே உதவித்தொகை பெற்றுப் படித்தவர்தான். அவர் தலைமையில் 1948-49இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, கிராமப்புறப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1960இல் பந்த்நகரில் முதல் வேளாண் பல்கலைக்கழகமும், 1971இல் கோயமுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வந்ததற்கு அந்த எண்ணம் ஒரு வித்தாகும்.

மூன்றாண்டுத் திட்டம் போதுமா?

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2019இல், பொதுப் பல்கலைக்கழகங்களும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் போன்ற அமைப்புகளும் செய்யும் ஆராய்ச்சிக்கு அந்தப் பணத்தைத் தரலாம் என்று விதி விரிவாக்கப்பட்டது. 2023இல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கென ஒரு சட்டம் வந்தது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டுவது திட்டம். அதில் பெரும் பகுதி அரசு அல்லாத வழிகளிலிருந்து வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

கதவு திறந்திருப்பது நல்லதே. ஆனால் 2021இல் திருத்திய விதிகளின்படி, கம்பெனிகளின் சமூகப் பணித் திட்டம் தொடங்கிய ஆண்டைத் தவிர மூன்றாண்டுக்கு மேல் நீளக்கூடாது. ஒரு நிறுவனத்தின் வைப்பு நிதிக்குப் பணம் கொடுத்தால் அது சமூகப் பணிக் கணக்கில் சேராது. பணம் வங்கியில் தூங்கிவிடக்கூடாது, மக்களுக்கு உடனே பயன்பட வேண்டும் என்பது இந்த விதியின் எண்ணம். பள்ளிக் கட்டடம், குடிநீர்த் தொட்டி போன்றவற்றுக்கு அது பொருந்தும். பயிர் ஆராய்ச்சிக்குப் பொருந்தாது.

காரணம் எளிது. இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்த்தால், குணங்கள் நிலைபெற ஆறேழு தலைமுறை விதைக்க வேண்டும். பிறகு நிலையத்தில் ஒப்பீட்டுச் சோதனை, பல இடங்களில் சோதனை, விவசாயிகள் வயலில் சோதனை என்று தொடர வேண்டும். ஒரு ரகம் வெளிவர பத்தாண்டு ஆவது சாதாரணம். மூன்றாண்டில் பணம் நின்றால் பாதி வழியில் விதை மூட்டைகள் அலமாரிக்குப் போய்விடும். தற்காலிக ஊழியர் வேறு வேலை தேடிப் போவார். அடுத்த கொடையாளர் வேறு தலைப்பைக் கேட்பார். கருவி வாங்கவும் கட்டடத்தில் பெயர்ப்பலகை மாட்டவும் பணம் கிடைக்கும். களை எடுக்கும் ஆளுக்குக் கூலி கிடைக்காது.

கோயில் காட்டும் வழி

திருத்தணி மக்களுக்கு இதற்கான விடை தெரிந்ததே. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் திரளும்போது உபயதாரர்களுக்குக் குறைவில்லை. கூட்டம் இல்லாத சாதாரண நாளில் விளக்கு எரிவது எப்படி? அதற்குத்தான் நம் முன்னோர் கோயில்களில் கட்டளை ஏற்படுத்தினர். நிலமோ முதலோ எழுதி வைத்து, முதலைத் தொடாமல், அதன் வருமானத்தைக் கொண்டு மட்டும் குறிப்பிட்ட கைங்கரியம் தவறாமல் நடக்கச் செய்தனர். ஆராய்ச்சியும் நித்திய பூஜை போன்றதே. ஒரு நாள் விழாவில் அது முடிவதில்லை.

1 கோடி ரூபாயை 6 சதவீத வட்டிக்கு வைத்தால் ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் வரும். ஒரு சிறு நிலையத்தில் வேர்க்கடலைச் சோதனை வயலுக்கு ஆள் கூலியும், ஓர் உதவியாளர் சம்பளமும் இதில் அடங்கும். 10 லட்சம் ரூபாய் வைத்தால் ஆண்டுக்கு 60,000 ரூபாய். வேளாண் படிப்பில் சேரும் ஓர் ஏழை விவசாயியின் பிள்ளைக்கு மாதம் 5,000 ரூபாய் கொடுக்கலாம். விலைவாசி ஏறும்போது முதலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

செய்ய வேண்டியவை

தனியார் பணம் வந்தாலே விஞ்ஞானி அடிமையாகிவிடுவார் என்று சிலர் அஞ்சுகின்றனர். தனியார் கொடுக்கிறார்களே, அரசு கையைச் சுருக்கிக்கொள்ளலாம் என்று வேறு சிலர் எண்ணுகின்றனர். இரண்டும் சரியல்ல. பணத்தை வாங்கலாம்; நிபந்தனைகளைத் தெளிவாக வைத்து வாங்க வேண்டும்.

முதலாவது, பயிர் ரக ஆராய்ச்சிக்குப் பத்தாண்டுக்குக் குறையாமல் உறுதி தர வேண்டும். இரண்டாவது, பொது ஆராய்ச்சி நிலையங்களின் வைப்பு நிதிக்குக் கம்பெனிகள் கொடுப்பதைச் சமூகப் பணியாக ஏற்கும்படி மத்திய அரசு விதியைத் திருத்த வேண்டும். துஷ்பிரயோகம் நேராமல் இருக்க ஆண்டுதோறும் தணிக்கைக் கணக்கை வெளியிடலாம். மூன்றாவது, அந்தப் பணத்தில் உருவாகும் விதை பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். சேமித்து விதைக்கவும் பரிமாறவும் 2001ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயிக்குக் கொடுத்த உரிமை குறையக்கூடாது. நான்காவது, எந்தப் பயிர், எந்தக் குறை என்று தீர்மானிக்கும் குழுவில் அந்த வட்டார விவசாயிகளும் இருக்க வேண்டும். ஐந்தாவது, எவ்வளவு கொடை வந்தாலும் மாநில அரசு தன் ஆண்டு ஒதுக்கீட்டைக் குறைக்கக்கூடாது.

விவசாயிகளுக்கும் பங்கு உண்டு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் லாபத்தில் சிறு பகுதியை ஒதுக்கி, பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் தங்கள் பயிருக்கென ஒரு கட்டளை தொடங்கலாம். தொகை சிறிதாக இருந்தாலும், "எங்கள் மேட்டு நிலத்துக்கு வறட்சி தாங்கும் கடலை என்ன ஆயிற்று?" என்று ஆண்டுதோறும் கேட்கும் உரிமை அதனால் வரும். கேட்கும் ஆள் இருந்தால் வேலை நடக்கும். அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கத் திரூருக்குப் போகும் விவசாயிகள், அங்கே சோதனை வயல்களுக்கு இந்த ஆண்டு எவ்வளவு பணம் வந்தது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.