32 வருஷம் அசையாத போதை ஒழிப்பு அதிகாரி! பயத்தைக் காட்டியே இலாகாவைக் காப்பாற்றினார்

ஜனாதிபதிகள் 5 பேர் வந்து போனார்கள். இவர் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை! அமெரிக்க மத்திய அரசின் போதை மருந்து ஒழிப்பு இலாகாவுக்கு 1930 முதல் 1962 வரை ஒரே கமிஷனர். பெயர் ஹாரி ஆன்ஸ்லிங்கர்.

பென்சில்வேனியா மாநிலம் அல்டூனாவில் 1892ல் பிறந்தவர். ரெயில்வேயில் வேலை பார்த்தார். பிறகு வெளிநாட்டுத் தூதரகங்கள், அதன் பிறகு மதுவிலக்கு இலாகா. 1930ல் போதை மருந்துப் பிரிவின் பழைய தலைவர் சிக்கலில் மாட்டினார். சூதாட்டப் புள்ளி ஆர்னால்டு ரோத்ஸ்டைனுடன் அவருடைய மகனுக்கும் மருமகனுக்கும் இருந்த தொடர்பு அம்பலமானது. புது இலாகா பிறந்தது. 38 வயது ஆன்ஸ்லிங்கர் தலைவர் ஆனார். அப்போதைய நிதி மந்திரி ஆண்ட்ரூ மெல்லன், இவர் மனைவிக்கு உறவு. ஊர் வாய் சும்மா இருக்குமா?

பணத்துக்கு ஆபத்து

பதவி கிடைத்தது. காசு கிடைக்கவில்லை. நாடே பஞ்சத்தில் கிடந்தது. 1933ல் மதுவிலக்கும் போனது. இவர் இலாகாவுக்கும் பணத்தைக் குறைத்தார்கள். ஹெராயின், கொக்கெய்ன் சாப்பிடுகிறவர்கள் எண்ணிக்கை பெரிதல்ல. அதைக் காட்டி எத்தனை நாள் பணம் கேட்க முடியும்?

அந்த நேரத்தில்தான் கஞ்சாவைப் பிடித்தார்.

பத்திரிகையில் வந்த கொலை, கற்பழிப்புச் செய்திகளைக் கத்தரித்து ஒரு பைல் போட்டார். புளோரிடாவில் 1933ல் ஒரு வாலிபர் குடும்பத்தையே கோடரியால் வெட்டிக் கொன்றார். கஞ்சாதான் காரணம் என்று ஊர் ஊராகச் சொன்னார் ஆன்ஸ்லிங்கர். அந்த வாலிபருக்கு மூளைக் கோளாறு என்று டாக்டர்கள் சொன்னது அவர் பேச்சில் வரவில்லை. மெக்சிகோக்காரர்கள், கறுப்பர்கள் மீது இருந்த வெறுப்பையும் இந்தப் பிரசாரம் கிளறிவிட்டது.

1937ல் பார்லிமெண்டு கமிட்டி விசாரணை. டாக்டர்கள் சங்கத்தின் சார்பில் வில்லியம் உட்வர்டு எழுந்து, பேப்பர் செய்திதான் ஆதாரமா, ஜெயில் இலாகாவில் இருந்து ஒருத்தரையாவது கூப்பிட்டுக் கேட்டீர்களா என்று மடக்கினார். யாரும் காது கொடுக்கவில்லை. சட்டம் நிறைவேறியது. பதிவு இல்லாத ஆளுக்கு ஒரு அவுன்சு கஞ்சா கைமாறினால் 100 டாலர் வரி! மீறினால் 5 வருஷம் வரை ஜெயில்.

நாக்கு மாறியது

கஞ்சாக்காரர்கள் ஹெராயினுக்குப் போவார்களா என்று அதே விசாரணையில் கேட்டார்கள். இல்லை என்றார். 1951ல் தண்டனையைக் கூட்டும் சட்டம் வந்தபோது, கஞ்சாதான் ஹெராயினுக்கு வழி என்றார். நடுவில் 1944ல், நியூயார்க் மேயர் லகார்டியா அமைத்த டாக்டர்கள் குழு, கஞ்சா பெருங்குற்றங்களுக்குக் காரணம் அல்ல என்று அறிக்கை கொடுத்தது. அதையும் தாக்கித் தள்ளினார். 1956ல் தண்டனை இன்னும் ஏறியது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஹெராயின் விற்றால் தூக்கு வரை போகலாம் என்றது சட்டம்.

ஆளுக்கு ஒரு நியாயம்

பிரபல கறுப்பினப் பாடகி பில்லி ஹாலிடேயை 1947ல் இவர் ஆட்கள் பிடித்தார்கள். ஒரு வருஷத் தண்டனை. வெளியே வந்தால் நியூயார்க் கிளப்புகளில் பாட லைசென்சு இல்லை. பிழைப்பு போச்சு. 1959ல் சாகக் கிடந்தபோதும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே நியூயார்க் போலீஸ் கைது செய்தது. வயது 44.

இன்னொரு பக்கம் பாருங்கள். மார்பினுக்கு அடிமையான ஒரு பெரிய பார்லிமெண்டு புள்ளிக்கு, ரகசியமாக மருந்துக் கடையில் ஏற்பாடு செய்து கொடுத்ததாக ஆன்ஸ்லிங்கரே 1961ல் புத்தகத்தில் எழுதினார். அந்தப் புள்ளி செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி என்று பின்னால் பலர் எழுதினார்கள். பெரிய மனுஷனுக்கு வைத்தியம், பாட்டுக்காரிக்கு விலங்கு!

சும்மா சொல்லக் கூடாது. மாபியா கும்பல் உண்டு என்று எப்.பி.ஐ. தலைவர் ஹூவர் ஒப்புக்கொள்ளாத காலத்திலேயே, உண்டு என்று சொல்லித் துரத்தியவர் இவர். அந்தப் பெருமை இவருக்குச் சேரும்.

பிறகு என்ன ஆனது?

நியூயார்க் கிளையில் ஊழல் நாறி, 1968ல் இலாகாவே கலைக்கப்பட்டது. 1969ல் கஞ்சா வரிச் சட்டம் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு அடித்தது. ஆன்ஸ்லிங்கர் 1975ல் 83 வயதில் இறந்தார்.

ஆனால் அவர் காலத்து எண்ணம் சாகவில்லை. 1961ல் ஐ.நா. ஒப்பந்தம் கஞ்சாவையும் ஹெராயினையும் ஒரே கடும் பட்டியலில் வைத்தது. நம் நாட்டிலும் 1985ல் போதை மருந்துத் தடைச் சட்டம் வந்தது. அந்தக் கடும் பட்டியலில் இருந்து கஞ்சாவை எடுக்க 2020 வரை ஆனது. எடுக்கலாம் என்று ஓட்டுப் போட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

கஞ்சா நல்லது என்று யாரும் சொல்லவில்லை. கேடு உண்டு. எத்தனை கேடு என்று கணக்குப் பார்ப்பது யார் என்பதுதான் கேள்வி. கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: கணக்கு எழுதுகிறவன் கையிலேயே கல்லாச் சாவியையும் கொடுக்கக் கூடாது. ஆபத்து பெரிது என்று சொன்னால்தான் இலாகாவுக்குப் பணம் வரும் என்றால், எந்த அதிகாரி சிறிது என்று சொல்வார்?